களப்பும் செய்மதிப் படமும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் நந்திக்கடல், கொக்கிளாய் போன்ற வன்னியின் கிழக்குக் கரைக் களப்புகளைப் பற்றி எழுதியபோது, அவற்றின் நீர்ப்பரப்பும் கண்டல் காடும் ஆண்டுக்காண்டு மாறி வருவதைச் செய்மதிப் படங்களின் துணையோடு எவரும் செலவில்லாமல் பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பற்றியே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கைத்தொலைபேசி வரைபடம் ஒன்றில் நந்திக்கடலின் பெரும்பகுதி வெளிறிய நிலமாகத் தெரிகிறது. இன்னொன்றில் கரை முட்ட நீராகத் தெரிகிறது. மாணவர்கள் எது உண்மை என்று கேட்கிறார்கள். நான் எதைச் சொல்வது? செய்மதி நீரை எப்படி அடையாளம் காண்கிறது?
(ஆசிரியை, முள்ளியவளை)

இரண்டும் உண்மைதான். ஒன்று ஆவணி அல்லது புரட்டாதியில் எடுத்த படமாகவும் மற்றது மார்கழி அல்லது தையில் எடுத்த படமாகவும் இருக்கும். தொலைபேசியில் வரும் வரைபடம் பல நாட்களில் எடுத்த முகில் குறைந்த படங்களை ஒட்டிச் சேர்த்தது. ஒரே திரையில் வட்டுவாகல் பக்கம் ஒரு மாதமும் கேப்பாப்புலவுப் பக்கம் வேறொரு மாதமும் இருக்கலாம். ஆகையால் மாணவர்கள் ஒரு படத்தைக் காட்டினால் முதலில் அதன் திகதியைக் கேளுங்கள். திகதி தெரியாத படத்தைக் கொண்டு களப்பு வற்றிவிட்டது என்றோ பெருகிவிட்டது என்றோ சொல்ல முடியாது.

எங்கள் களப்புகள் ஆழமற்றவை. வாடைக் காற்றோடு வரும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையில் பேராறு போன்ற ஆறுகள் நீரைக் கொண்டுவந்து நிரப்புகின்றன. சோளகம் வீசும் மாதங்களில் மழை இல்லை, வெயிலும் காற்றும் நீரை உறிஞ்சுகின்றன. மிக மெல்லிய சரிவுள்ள அடித்தரையில் நீர்மட்டம் ஓர் அடி இறங்கினாலே கரை வெகுதூரம் உள்ளே போய்விடும். இது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. பருவத்தோடு வந்து போகும் இந்த மாற்றத்தையும், பருவம் கடந்தும் நின்றுவிடும் மாற்றத்தையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. 2016 ஆகஸ்ட் படத்தை 2024 ஆகஸ்ட் படத்தோடு ஒப்பிடலாம். 2016 ஜனவரியை 2024 ஆகஸ்டோடு ஒப்பிட்டு ஒருவர் பேசினால், அவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அந்தப் பேச்சை ஏற்க வேண்டியதில்லை. அதிலும் இரண்டே ஆண்டுகள் போதாது. ஒன்று வரட்சி ஆண்டாகவும் மற்றது நல்ல மழை ஆண்டாகவும் இருந்தால் வித்தியாசம் முழுவதும் மழையினுடையதாகவே இருக்கும். ஒரே மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் படங்களை வரிசையாக வைத்து, அருகே அந்தந்த ஆண்டின் மழை அளவை எழுதிப் பாருங்கள்.

செய்மதி நீரை எப்படி அடையாளம் காண்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். சூரிய ஒளி தரையில் பட்டுத் தெறித்து மேலே வருவதை அது அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை நீர் விழுங்கிவிடும், பச்சை இலை வலுவாகத் தெறிக்கும். ஆகவே அந்தக் கதிரில் எடுத்த படத்தில் நீர் கறுப்பாகவும் கண்டல் பளிச்சென்றும் விழும். பச்சை ஒளியின் தெறிப்பிலிருந்து செந்நிறக்கீழ்க் கதிரின் தெறிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண் வரும். அது பூச்சியத்துக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் நீர். மக்ஃபீற்றர்ஸ் என்பவர் 1996இல் வெளியிட்ட இந்தச் சுட்டியைப் பத்தாம் வகுப்பு மாணவர் கையால் கணக்கிடலாம். ஆனால் கணுக்கால் அளவு நீரும் சேறும் கலந்து கிடக்கும் இடங்களில் சேறு அந்தக் கதிரைக் கொஞ்சம் தெறித்துவிடுவதால் நீரே நிலம் போலத் தோன்றக்கூடும். அத்தகைய இடங்களுக்கு இன்னும் நீண்ட அலைநீளமுள்ள கதிரைப் பயன்படுத்தும் திருத்திய சுட்டி ஒன்று 2006இல் வந்தது. எங்கள் களப்புகளுக்கு அதுவே பொருத்தம்.

கேள்வி: தொடுவாய் எப்போது திறந்தது, எப்போது பூட்டியது, மண் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதைப் படத்தில் பார்க்க முடியுமா? ஒவ்வொரு மழைக்கும் வெட்டுவதா விடுவதா என்று எங்கள் சங்கத்தில் பிரச்சினை வருகிறது.
(களப்புத் தொழிலாளி, கொக்கிளாய்)

பார்க்கலாம், ஐயா. தொடுவாய் என்பது களப்பு கடலோடு சேரும் வாய். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்ரினல் 2 செய்மதிகளில் முதலாவது 2015 ஜூனிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் ஏவப்பட்டன. 2025 ஜனவரியில் முதலாவதின் இடத்தைப் புதிய செய்மதி ஒன்று எடுத்துக்கொண்டது. சோடியாக இயங்கும் இவை ஐந்து நாட்களுக்கு ஒருமுறை எங்கள் கரையைப் படம் எடுக்கின்றன. ஒவ்வொரு படப்புள்ளியும் தரையில் பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் கொண்டது. முப்பது நாற்பது மீற்றர் அகலத்தில் வாய் திறந்திருந்தால் மணற்திட்டின் வெள்ளைக் கோடு அறுந்து நிற்பது தெளிவாகத் தெரியும். ஆறு கொண்டுவரும் கலங்கல் நீர் கடலுக்குள் விசிறி போல விரிவதும் தெரியும். ஐந்தாறு மீற்றர் அகலத்தில் கையால் வெட்டிய வாய்க்கால் அந்தப் படத்தில் தெரியாது. வாய் வெட்டிய அன்றும் மறுநாளும் செய்மதியிடம் ஒன்றுமில்லை. அது பெருகி அகன்ற பிறகுதான் படத்தில் வரும்.

மண் நகர்வைப் பார்ப்பதில் இன்னொரு வசதி எங்களுக்கு உண்டு. இந்தக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஏற்றவற்று பெரிதாக உள்ள நாடுகளில் இரண்டு படங்களின் கரைக்கோட்டை ஒப்பிடுமுன் அந்தந்த நேரத்தின் கடல்மட்டத்தைத் திருத்தியே ஆகவேண்டும். இங்கே அந்தத் தொல்லை சிறிது. ஆயினும் ஒரு படப்புள்ளி அளவுக்குள் வரும் மாற்றத்தை, அதாவது பத்து மீற்றருக்குக் குறைந்ததை, மண்ணரிப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

வெட்டுவதா விடுவதா என்பதற்கு வானிலிருந்து விடை வராது. வெட்டினால் வயலும் வீடும் வெள்ளத்திலிருந்து தப்பும், கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே ஏறும். ஆனால் நேரமறியாமல் வெட்டினால் களப்பு நீர் இறங்கிப்போய், மழையும் தொடர்ந்து வராவிட்டால், வைகாசிக்குள்ளேயே சேறு தெரியும். ஒடிசாவில் சிலிக்கா களப்பின் பழைய வாய் அடையலால் தூர்ந்துபோக, உவர்த்தன்மை இறங்கி, நன்னீர்க் களைகள் பரவி, மீன்பிடி விழுந்தது. 2000 செப்டெம்பரில் களப்புக்கு அருகே புதிய வாய் ஒன்றை வெட்டினார்கள். உவரும் மீனும் திரும்பின. 2002இல், ஈரநிலங்களைக் காக்கும் றம்சார் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலிலிருந்தும் அந்தக் களப்பு நீக்கப்பட்டது. அங்கே ஆண்டுக்கணக்கில் நீரை அளந்து, மணலின் போக்கைப் பார்த்த பிறகே வெட்டுமிடம் தீர்மானிக்கப்பட்டது. உங்கள் சங்கத்திடம் அதற்கு நிகரான ஒன்றை நீங்களே உண்டாக்கலாம். தொடுவாய் வெட்டிய நாள், தானாக உடைந்த நாள், பூட்டிய நாள், அந்த வாரம் பட்ட இறாலின் நிறை ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடந்த ஆண்டுகளை நினைவிலிருந்தும் எழுதலாம். "வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னமே பூட்டிப்போட்டுது" என்று ஒருவர் சொன்னால் அது ஒரு திகதிதான், அந்த ஆண்டின் வைகாசிப் படத்தை எடுத்துச் சரிபார்க்கலாம். படத்தை மட்டும் பார்ப்பவர் ஐந்து நாளைக்கொரு தரம் பார்க்கிறார். நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள், ஆனால் எழுதி வைப்பதில்லை. இந்த இரண்டும் சேராமல் தொடுவாயைப் பற்றி எவரும் உறுதியாகப் பேச முடியாது என்பது என் எண்ணம்.

கேள்வி: இறால் எங்கே கூடி நிற்கிறது என்று செய்மதி சொல்லுமா?
(வாசகர், மாத்தளன்)

சொல்லாது. களப்பில் அதைக் காட்டுவதாக எவராவது ஒரு செயலியை விற்க வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் களப்பு மீன்கள் செத்து ஒதுங்குகின்றன. செய்மதிப் படத்தைப் பார்த்து முன்கூட்டியே எச்சரிக்க முடியாதா?
(வாசகி, சிலாவத்தை)

மீன் சாவதற்கு உடனடிக் காரணம் பெரும்பாலும் நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைவதே. நீர் சூடாகும்போது அதில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். அல்கா எனப்படும் நுண்பாசி பெருகிய நீரில் இரவு முழுவதும் அல்காவும் சுவாசித்து, இறந்த அல்காவை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் சுவாசித்து, விடியுமுன் ஒட்சிசன் அடியோடு இறங்கிவிடும். சென்ரினல் 2 எங்கள் தலைக்கு மேலே வருவது காலை பத்தரை மணியளவில். அப்போது வெயில் ஏறி அல்கா மறுபடியும் ஒட்சிசன் விடத் தொடங்கியிருக்கும். அது போக, கரைந்த ஒட்சிசனை அளக்கும் வல்லமை எந்தச் செய்மதிக்கும் இல்லை. உவர்த்தன்மையை அளக்கும் செய்மதிகள் உண்டு. ஆனால் அவற்றின் ஒரு படப்புள்ளியே நாற்பது கிலோமீற்றர் அளவு அகலமானது. அதற்குள் நந்திக்கடலும் நாயாறும் சேர்ந்து மறைந்துவிடும்.

மூன்று அறிகுறிகளைப் பார்க்கலாம். நீர்ப்பரப்பு வேகமாகச் சுருங்குவது ஒன்று. நீரின் மேற்பரப்பு வெப்பநிலை இன்னொன்று. இதை அமெரிக்காவின் லான்ட்சாட் செய்மதிகள் அளக்கின்றன. நீர் பச்சையாகத் திரும்புவது மூன்றாவது. இந்த மூன்றாவதைக் கவனமாகக் கையாள வேண்டும். ஆழக் கடலில் பச்சையத்தை அளப்பதற்கு உருவாக்கிய கணிப்பு முறைகள், அடித்தரையும் அதிலுள்ள கடற்புல்லும் தெரியும் களப்பில் அடிக்கடி தவறிவிடுகின்றன. படத்தில் பச்சையாகத் தெரிவது அல்காவாகவும் இருக்கலாம், நலமாக வளர்ந்திருக்கும் கடற்புல்லாகவும் இருக்கலாம். வள்ளத்தில் போய்க் கையால் அள்ளிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே என் யோசனை இதுதான்: மூன்று அறிகுறிகளும் ஒன்றாகத் தெரியும் வாரத்தில், பாடசாலையோ சங்கமோ விடியற்காலையில் ஒட்சிசன் மானியோடு களப்பில் இறங்கட்டும். செய்மதி எந்த வாரம் இறங்க வேண்டும் என்று சொல்லும், மற்றதை மானி சொல்லும்.

கேள்வி: மழைக் காலம் முழுக்க முகில். அப்போது படம் எடுத்து என்ன பயன்?
(பல்கலைக்கழக மாணவர், கிளிநொச்சி)

கார்த்திகை, மார்கழியில் சென்ரினல் 2 படங்களில் பெரும்பாலானவை வெறும் முகில் படங்களே. அந்த மாதங்களுக்கு ராடார் செய்மதியான சென்ரினல் 1 இருக்கிறது. இந்தச் சோடியில் முதலாவது 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது. இது தானே நுண்ணலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. முகிலும் இருளும் அதற்குத் தடையில்லை. அலையில்லாத நீர் நுண்ணலையை வேறு திசைக்குத் தெறித்துவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். 2018 டிசெம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பெருகி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் நீர் எதுவரை ஏறியது என்பதைக் காட்டக்கூடியது இந்த வகைப் படம் மட்டுமே.

இதில் இரண்டு பொறிகள் உள்ளன, நீங்கள் ஆய்வுக்குப் பயன்படுத்துவதாயின் இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும். வாடைக் காற்று பலமாக வீசும் நாளில் களப்பின் திறந்த நீரில் சிற்றலை எழும்பி, நுண்ணலையைத் திருப்பி அனுப்பிவிடும். நீர் நிலம் போலப் பளிச்சிடும். மறுபுறம் காலபோகத்துக்கு நீர் கட்டிய வயல்கள் அமைதியாகக் கிடப்பதால், அவையும் கறுப்பாகி களப்போடு ஒட்டிக்கொள்ளும். கணினி அதை அப்படியே எண்ணி, களப்பு ஒரே மாதத்தில் பெருமளவு விரிந்துவிட்டதாக ஒரு தொகையைத் தந்துவிடும். நான் பார்த்த மாணவர் கட்டுரைகளில் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது. வயல் நிலத்தின் எல்லையைக் கோடைப் படத்திலிருந்து முன்கூட்டியே வரைந்து, மாரிக் கணக்கில் அதை நீக்கிவிட்டே கூட்டுங்கள்.

ஒரு செய்தி கூட: சென்ரினல் 1 சோடியில் ஒன்று 2021 டிசெம்பரில் பழுதடைந்தது. மாற்றுச் செய்மதி 2024 டிசெம்பரில்தான் ஏவப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் படங்கள் குறைவு என்பதை மறந்து, அந்த ஆண்டுகளில் வெள்ளமும் குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது களப்போரம் இருந்த கண்டல் இப்போது பாதிகூட இல்லை. அது எப்போது போனது? யுத்த காலத்திலா, மீள்குடியேற்றத்துக்குப் பிறகா?
(ஓய்வுபெற்ற கிராம அலுவலர், வட்டுவாகல்)

இந்தக் கடிதத்துக்காகவே இம்மாதப் பகுதியைச் செய்மதிப் படங்களுக்கு ஒதுக்கினேன்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் களப்போரத்தில் அளவுகோல் பிடித்து நிற்க எவராலும் முடியவில்லை. ஊர்கள் வெறுமையாயின. பிரதேச செயலகங்களிலும் வீடுகளிலும் இருந்த ஏடுகள் அழிந்தன. எந்த மரம் எப்போது விழுந்தது என்று சொல்லக்கூடியவர்கள் பலர் இன்று இல்லை. அந்த ஆண்டுகளிலும் அதற்கு முந்திய பல ஆண்டுகளிலும் களப்பை வானிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது லான்ட்சாட். முதலாவது லான்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. 1984இல் ஏவப்பட்ட ஐந்தாவது செய்மதி 2013 வரை வேலை செய்தது. 1999இல் சென்ற ஏழாவது செய்மதியின் கருவியில் 2003 மே மாதத்தில் பழுது ஏற்பட்டதால், அதற்குப் பிந்திய படங்கள் கறுப்புக் கோடுகளோடு, ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு விடுபட்டே வரும். 2013இல் எட்டாவதும் 2021இல் ஒன்பதாவதும் சேர்ந்தன. 2008 முதல் இந்தப் பழைய படங்கள் முழுவதும் இலவசம். அதற்கும் பின்னே போக வேண்டுமானால், அமெரிக்க உளவுச் செய்மதிகள் 1960களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் 1995இல் பகிரங்கமாக்கப்பட்டுள்ளன. எங்கள் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படங்களிலும் (ஒரு மைலை ஓர் அங்குலமாக வரைந்தவை) கண்டல் நிலம் குறிக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் பதில் கிடைக்கும்? லான்ட்சாட்டின் படப்புள்ளி முப்பது மீற்றர். எங்கள் கண்டல் பல இடங்களில் கரையோரமாகப் பத்துப் பதினைந்து மீற்றர் அகலப் பட்டியாக மட்டுமே நின்றது. அத்தகைய பட்டி ஒரு புள்ளிக்குள் நீரோடும் சேற்றோடும் கலந்து மங்கிவிடும். அது அழிந்ததைப் படம் காட்டாமலே விடலாம். ஆகவே "படத்தில் மாற்றமில்லை" என்று ஓர் அறிக்கை சொன்னால், உங்கள் நினைவு பிழை என்று ஆகிவிடாது. அடர்ந்து பரந்து நின்ற கண்டல் திட்டுகளைப் பொறுத்தவரை நிலைமை வேறு. சுற்றியுள்ள புல்லும் பற்றையும் காய்ந்து கிடக்கும் ஆவணி, புரட்டாதிப் படங்களை 1980களின் இறுதி முதல் வரிசையாக எடுத்தால், ஈரத் தரையில் நிற்கும் கண்டல் தனியாகப் பிரிந்து தெரியும். எந்த ஆண்டுக்கும் எந்த ஆண்டுக்கும் இடையில் அது குறைந்தது என்று எல்லை கட்டலாம். ஐந்தாவது லான்ட்சாட் தரை நிலையங்களை நம்பியே படங்களை இறக்கியதால் எல்லா ஆண்டுக்கும் நல்ல படம் கிடைக்காது. சில இடைவெளிகள் மூன்று நான்கு ஆண்டுகளாகவும் இருக்கும். யார் வெட்டினார்கள், எறிகணையில் கருகியதா, விறகுக்குப் போனதா, தொடுவாய் நெடுநாள் பூட்டி நின்றதால் வேர் மூழ்கிச் செத்ததா என்பதைப் படம் சொல்லாது. அந்த இடத்தில் உங்களைப் போன்றவர்களின் சாட்சியம் வேண்டும். எந்தக் குறிச்சியில் எந்த மரம், கிண்ணையா கண்டலா தில்லையா, எதுவரை நின்றது என்று உங்களுக்குத் தெரிந்ததைக் கைப்பட ஒரு வரைபடத்தில் குறித்து வையுங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட இன்னும் சிலரிடமும் தனித்தனியாகக் கேட்டுக் குறியுங்கள். ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டுச் சொன்னால் அந்த வரைபடத்தின் பெறுமதி குறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் வயற்காணி 2017இல் பிரகடனப்படுத்திய நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடத்தின் எல்லைக்குள் வருகிறது என்கிறார்கள். இடம்பெயர்வதற்கு முன் நாங்கள் விதைத்த காணி அது. பழைய செய்மதிப் படம் சான்றாகுமா?
(விவசாயி, முல்லைத்தீவு மாவட்டம்)

உரிமைக்குச் சான்றாகாது. காணி யாருடையது என்பதை உறுதியும் அனுமதிப்பத்திரமும்தான் சொல்லும். ஆனால் அந்த இடத்தில் பயிர்ச்செய்கை நடந்தது என்பதற்குத் துணைச் சான்றாக முன்வைக்கலாம். வைப்பதில் தயங்கவும் வேண்டாம்.

ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். லான்ட்சாட்டின் ஒரு புள்ளி 900 சதுர மீற்றர். ஓர் ஏக்கருக்கு நாலரைப் புள்ளிதான் கிடைக்கும், ஓரப் புள்ளிகள் அயற்காணியோடு கலந்துவிடும். தனி ஒருவரின் ஓர் ஏக்கரை இதில் பிரித்துக் காட்ட முடியாது. இருபது முப்பது ஏக்கர் கொண்ட வயல்வெளியாயின் காட்டலாம். நெல் வயலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: மார்கழியில் நீராகத் தெரியும், தை மாசியில் இலைப் பச்சையாகத் தெரியும், பங்குனிக்குப் பிறகு அரிவு வெட்டிய வெறுந்தரையாகத் தெரியும். பற்றைக் காட்டில் இந்த ஒழுங்கு இராது. ஒரே ஆண்டில் இந்த மூன்று நிலையும் தெரியும் படங்கள் கிடைத்தால் அது வலுவான சான்று. கைவிட்ட வயல் பத்துப் பதினைந்து ஆண்டில் பற்றையாகிவிடும். அதனால் மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய படங்களை மட்டும் பார்த்தவர் அதைக் காடு என்று நம்பியிருக்கலாம். ஆகவே நீங்கள் தேட வேண்டியது இடம்பெயர்வுக்கு முந்திய ஆண்டுகளை.

அயலில் உள்ளவர்களோடு சேர்ந்து வயல்வெளி முழுவதற்குமாக ஒரே மனுவாகக் கொடுங்கள். பதிவு பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு வெளியின் மூலைகளை அளந்து, அந்த ஆள்கூறுகளைப் படத்தின்மேல் இடச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த திகதி, செய்மதியின் பெயர், படத்தின் பதிவிலக்கம் ஆகிய மூன்றும் அச்சில் இருக்க வேண்டும். அந்தப் பதிவிலக்கம் இருந்தால் மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரி தன் கணினியில் அதே படத்தைத் தானே இறக்கிப் பார்க்கலாம், அது மாற்றப்பட்டதா என்ற ஐயத்துக்கு இடமிருக்காது. நிறம் மாற்றிய படத்தோடு இயல்பான நிறத்தில் உள்ள பிரதி ஒன்றையும் கட்டாயம் இணையுங்கள்.